கையெழுத்தைத் திருத்தவும்

சிவப்புப் பேனையால் டீச்சர் எழுதியிருக்கிறா:
‘கையெழுத்தைத் திருத்தவும்.’
யதுர்ஷி வாய்விட்டுச் சிரிக்கிறாள்.
“அப்பா, இது உங்களுக்குத்தான்.”

எட்டாம் வகுப்போடு நின்ற கை இது.
மூதூர்ப் படகுக்குக் கயிறு எறிகிற கை.
இரவு ஏழரைக்கு, உப்புக் காயாமல்,
தரம் நான்கின் சுற்றாடல் கொப்பியில்
அவள் சொல்லச் சொல்ல
கோட்டுக்கு மேலே ஏறி, கீழே விழுந்து
வாடைக்காற்றில் போகிறது.

அவளுடைய கை வேறு மாதிரி.
பென்சிலைப் பிடிக்கும், பிடித்ததை விடாது.
விரல்களுக்குள் என்னவோ இறுகி
‘அ’வின் சுழியிலேயே நின்றுவிடும்.
ஒரு சொல்லுக்கு நாலு நிமிடம்.
மணிக்கூட்டைப் பார்த்து எண்ணியிருக்கிறேன்,
அவள் பார்க்காத நேரம்.
அதற்கிடையில் தலைக்குள்ளே அவள்
மூன்று பக்கம் முன்னால் போயிருப்பாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை:
கணக்கு இருபத்தைந்து.
சொல்வதெழுதுதலில் பிழைத்த சொல் ஒவ்வொன்றும் பத்துத்தரம்.
சமயம், பார்த்து எழுதுக, ஒன்றரைப் பக்கம்.
ஆங்கிலத்துக்கு ஒரு வீடு கீறி நிறம் தீட்டுக.
வாணி கறிச்சட்டியை இறக்கிவிட்டு வந்து
கூரைக்குச் சிவப்படித்தாள்.
பத்தரைக்குப் பிள்ளை கொப்பிமேலேயே தூங்கிப்போனாள்.
நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி
‘சுவர்க்கடிகாரம்’, ‘சுவர்க்கடிகாரம்’ என்று
பத்துத்தரம் எழுதி முடித்தோம்.
இனி எங்கள் இருவருக்கும் அந்தச் சொல் பிழைக்காது.

பிறகு மான்.
கோட்டை வாசலில் ஆட்டோவை நிற்பாட்டி
நான் வடை வாங்க இறங்கிய நேரம்
புள்ளிமானொன்று தலையை உள்ளே விட்டு
கணக்குக் கொப்பியில் நாலு தாளைத் தின்றது.
யதுர்ஷியால் விரட்ட முடியவில்லை.
விரட்ட விருப்பமும் இல்லையாம், பிறகு சொன்னாள்.

அடுத்த நாள் டீச்சரிடம் போனேன்.
மான் தின்றுவிட்டது என்றேன்.
“ஓம், இந்த ஊர் மான் எதைத்தான் விடும்,
பரவாயில்லை” என்றா.
அந்தத் துணிவில் மற்றதையும் கேட்டேன்:
தெரியுமா தெரியாதா என்று பார்க்க
இருபத்தைந்தில் எட்டுக் கணக்குப் போதாதா?
பார்த்தெழுதுவதை அவள் வாயால் சொல்லக்கூடாதா?
டீச்சர் பேனை மூடியைக் கழற்றினா, பூட்டினா.
“டொக்டரின் கடிதம் ஒன்று கொண்டுவாங்கோ.”

மானுக்குக் கேட்கவில்லை.

கடிதத்துக்கு மூன்று கிளினிக். மூன்று நாள் கூலி.
பெரியாஸ்பத்திரி வாங்கில் அவள் என் மடியில் சாய்ந்து
சுவரிலிருந்த நுளம்பு விளம்பரத்தை
மூன்று மொழியிலும் வாசித்துக் காட்டினாள்.
கிடைத்தது ஆங்கிலத்தில் நாலு வரி.
எனக்கு விளங்கியது அவளுடைய பெயர் மட்டும்,
அதிலும் ஓரெழுத்துப் பிழையாம்.

டீச்சர் வாசித்தா. இன்னொருக்காலும் வாசித்தா.
“எனக்கும் நாற்பத்தொரு பிள்ளைகள்” என்றா மெல்ல.
பிறகு எட்டுக் கணக்கைத் தேர்ந்து
ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டா.

வென்றவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.
யதுர்ஷி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
“ஏன் எனக்கு மட்டும் குறைய?”
அதற்கு என்னிடம் கடிதம் இல்லை.

இன்றிரவு எட்டு.
ஏழாவதற்கு “ஐம்பத்துநாலு” என்கிறாள்.
ஏழெட்டு ஐம்பத்தாறு.
என் கை தன்பாட்டில் ஆறைப் போட்டுவிட்டது.
அவள் கண்டுவிட்டாள்.
“அது உங்கட விடை.”
“அதுதானே பிள்ளை சரி.”
“உங்கட சரி வேணாம். என்ட பிழையை எழுதுங்கோ.”

அழிக்கிறேன். தாள் கொஞ்சம் கிழிகிறது.
நாலைப் போடுகிறேன்,
என்னால் இயன்ற வடிவில், கோட்டுக்குள்.

எட்டாவதைத் தானே எழுதப்போகிறாளாம்.
பென்சிலை விரல்களுக்கிடையில் வைத்துவிடுகிறேன்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது.
“அங்கால பாருங்கோ” என்கிறாள்.

பார்க்கிறேன்.
மணிக்கூடு இல்லாத சுவரை.